ஆறு நெல்லிரசப் போத்தல்கள்

லா சப்பல், பாரிஸ்
10 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள தம்பி லாசருக்கு,

இந்த எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, சிறைக்குள் சிரிக்க உனக்கு வேறு என்ன இருக்கிறது. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். எழுத்துக்கள் கோட்டில் நிற்க மாட்டோம் என்கின்றன. 'ஞ'வைத் தொடங்கினால் எங்கே முடிப்பது என்று கை தடுமாறுகிறது. 'ழ'வுக்கு வயிறு பெருத்துவிடுகிறது. மன்னித்துக்கொள். ஆனால் இது யாரையும் கெஞ்சி எழுதுவித்த கடிதம் அல்ல. உன் அக்கா அற்புதராணியின் புருசன் சவிரிமுத்து, எழுபத்தொரு வயதில், தன் சொந்தக் கையால் எழுதுவது. இதுவே என் முதல் கடிதம்.

கோவிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் றஜனி ரீச்சர் சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிக்கிறா. ஓகஸ்ட் மாதத்திலிருந்து கடைசி வாங்கில் நானும் இருக்கிறேன். என் முழங்கால் மேசைக்குக் கீழே போகாது, பக்கவாட்டில் இருந்துதான் எழுதுவேன். அக்காவின் பெயரை முதன்முதலாக முழுதாக எழுதிய அன்று நான் ரீச்சருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். இப்போது ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் நடந்தால் கடைப் பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசிக்கிறேன். முப்பது வருசமாக நான் தலைமயிர் வெட்டுவிக்கும் கடைக்குப் பெயர் 'மயூரி' என்று போன மாதம்தான் தெரியும்.

இனி உனக்குப் பிடிக்காத செய்தி. நமக்குக் கீழ் வீட்டுக் கிங்ஸ்டன் ஆஸ்பத்திரியால் வந்து, திரும்ப அங்கேதான் இருக்கிறான். நீ வெட்டிய தழும்பு தோளில் ஒன்று, இடது முன்கையில் ஒன்று. முன்கையில் நரம்பு அறுந்து நாலு விரல் மடங்கவில்லை. இரண்டு கையாலும் கொத்துரொட்டி அடித்தவன், இப்போது அதே கடையில் வாசலில் நின்று ஓடர் எடுக்கிறான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான்.

ஜூலை பதினாலாம் திகதி வீட்டில் என்ன நடந்தது என்று நீ திரும்பத் திரும்பக் கேட்பதாக, உன் வழக்குப் பேசுகிற அவொக்கா சொன்னா. பொலிசுக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்கிறேன். நான் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். தேசிய தினம் என்று தெருவில் பொடியள் பட்டாசு வெடித்தார்கள். வேறு ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

இவ்வளவு எழுத மூன்று நாள் சென்றது. கை நோகிறது.

அத்தான்
சவிரிமுத்து


24 நவம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. திறந்து, திரும்ப ஒட்டியிருந்தது. இங்கே தமிழ் யாருக்குத் தெரியும், மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டுத் தந்திருப்பார்கள். எழுத்து கோழி கிண்டின மாதிரித்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு தரம் வாசித்தேன். அக்கா பார்த்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பா.

என் கதையையும் கேளுங்கள். போன கிழமை என் அறையில் இருந்தவன் இரும்புக் கதவை உதைத்தான். நான் நித்திரை. சத்தத்துக்கு எழும்பினேனா, எழும்பும் முன்பேயா தெரியாது, அவன் கழுத்து என் கைக்குள் இருந்தது. அவன் நாக்கு வெளியே வந்துவிட்டது. நாலு காவலர் வந்து பிரித்தார்கள். ஒருவன் முழங்காலை என் முதுகில் ஊன்றியதில் விலா எலும்பு ஒன்று வெடித்துவிட்டது. இப்போது தனி அறை. மூச்சு விட்டால் குத்துகிறது.

மனநல டொக்டர் வருகிறார். இல்லாத சத்தம் எனக்குக் கேட்கிறதாம். அத்தான், என் கட்டிலுக்குக் கீழே வெடித்தது. நாலு தரம். கால் கீறி இரத்தம் ஓடியது. அந்தக் காயம் நான் தெருக் கதவின் கண்ணாடியை உடைத்ததால் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பதினாலு குடும்பம் உள்ள கட்டடத்தில் எல்லோரும் பட்டாசு என்கிறார்கள். வீட்டுக்குள் நின்ற நீங்களும் பட்டாசு என்கிறீர்கள். பொலிஸ் ஏறி வந்து பார்த்தபோது அறை துடைத்து வைத்த மாதிரி இருந்ததாம்.

அப்படியென்றால் இரண்டில் ஒன்று. முந்தி ஒரு நாள் மாடிப்படியில் கிங்ஸ்டன் என்னைக் "கிழட்டுக் குடிகாரன்" என்றதற்கு நான் அவனை அறைந்தேன், அந்தப் பகை தீராமல் காத்திருந்து வெட்டினேன் என்பது நீதிபதி நினைப்பது. எனக்கு விசர் என்பது டொக்டர் நினைப்பது. விசர் என்று ஒப்புக்கொண்டால் பூட்டிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்களாம், வெளியே வர நாள் குறிக்க மாட்டார்களாம். யோசித்துப் பார்த்தேன். விசராகத்தான் இருக்க வேண்டும். ஜனவரியில் கையெழுத்து வைக்கப் போகிறேன்.

கடைசியாக ஒரே ஒரு தரம் கேட்கிறேன். உங்களுக்கு ஏதாவது கேட்டதா?

லாசர்


லா சப்பல்
8 டிசம்பர் 2024, ஞாயிறு

தம்பி லாசருக்கு,

அந்தத் தாளில் கையெழுத்து வைக்காதே. இதை முதலில் எழுதிவிட்டேன், மிச்சத்தை எழுத எனக்கு எத்தனை நாள் செல்லுமோ தெரியாது.

உனக்கு விசர் இல்லை. வெடித்தது. உன் கட்டிலுக்குக் கீழேதான் வெடித்தது. வைத்தவன் நான்.

குண்டு அல்ல, பியர்.

மே மாதம் நான் வேலையை விட்டபோது றெஸ்ரோறன்ரில் எல்லோரும் சேர்ந்து ஒரு பெட்டி தந்தார்கள். இருபத்தெட்டு வருசம் கோப்பை கழுவியவனுக்கு முதல்முதலாக ஒரு பரிசு. வீட்டிலேயே பியர் செய்கிற பெட்டி. உள்ளே ஐந்து லீற்றர் கண்ணாடிச் சாடி, உடைத்த தானியம், கசப்புக்கு ஒரு பச்சைத் தூள், புளிக்க வைக்கும் ஈஸ்ட், குழாய், வெப்பமானி. செய்முறைத் தாள் பிரெஞ்சில் இருந்தது. எனக்கு அப்போது எந்த மொழியிலும் ஓர் எழுத்துத் தெரியாது. படங்கள் இருந்தன. படத்தைப் பார்த்துச் செய்தேன்.

உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ குடியை விட்டு ஒன்பது வருசம். அக்காவின் சவப்பெட்டியில் கை வைத்துச் சத்தியம் செய்தவன். நீ துப்புரவு வேலைக்குப் போன பிறகு தானியத்தை ஊறவைத்து, வடித்து, கொதிக்க வைத்து, ஆறவைத்தேன். வீடெல்லாம் சத்துமா மணம். கழுவிச் சுத்தம் செய்யும் படங்கள்தான் அதில் பாதிக்கு மேல். அதில் என்னை வெல்ல ஆள் உண்டா? ஈஸ்ட்டைப் போட்ட மறுநாள் சாடி நுரைத்துக் குழாயால் மூச்சு விட்டது. பக்கத்தில் கதிரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோசம், லாசர். என் கையால் ஒரு சாமான் உண்டாகிறது.

பிழை போத்தலில். கடைசிப் படத்தில் ஒரு கரண்டி சீனி இருந்தது. எவ்வளவு என்று பக்கத்தில் எழுத்தில் போட்டிருந்திருக்கும். நான் ருசி பார்த்தேன். கசந்தது. தேத்தண்ணிக்குப் போடுகிற மாதிரி, இனிப்பு வரட்டும் என்று போத்தலுக்கு மூன்று மேசைக்கரண்டி போட்டேன். போத்தலும் பியர்ப் போத்தல் அல்ல, நான் சேர்த்து வைத்திருந்த ஆறு நெல்லிரசப் போத்தல்கள். மெல்லிய கண்ணாடி. இருட்டில் வைக்கச் சொல்லிப் படம். பகலில் நித்திரை கொள்கிறவன் நீ. நம் வீட்டில் பகலிலும் இருட்டாக இருப்பது உன் கட்டிலுக்குக் கீழேதான். புளித்து முடியாததும், கூடுதலாகப் போட்ட சீனியும், ஜூலை வெக்கையும் சேர்ந்து போத்தலுக்குள் காற்று முட்டியிருக்கிறது.

பின்நேரம் இரண்டு மணி இருக்கும். முதலாவது வெடித்தபோது கட்டில் ஒரு பக்கம் எழும்பி விழுந்தது. நீ காலைக் கீழே வைக்கவும் இரண்டாவது வெடித்தது. கண்ணாடி உன் கெண்டைக்காலில் ஏறியது. மூன்றாவதுக்குச் சுவரில் துண்டுகள் ஆணி அடித்த மாதிரி நின்றன. நீ என்னைத் தள்ளிவிட்டு இறைச்சிக் கத்தியை எடுத்தாய். இருபது வருசத்துக்கு முன் உன் கடைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வாளோடு வந்தவர்களை நினைத்தாய் என்று எனக்குத் தெரியும். உன் கண் அப்படி இருந்தது. அந்த நேரம் பார்த்து, கூரையால் ஏதோ ஒழுகித் தன் படுக்கையில் விழுகிறது என்று கத்திக்கொண்டு கிங்ஸ்டன் கதவைத் திறந்தான். நாலாவது அப்போது வெடித்தது.

நீ வெட்டினாய். அவன் படியில் விழுந்து விழுந்து ஓடினான். நீ துரத்திக்கொண்டு இறங்கினாய். நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

ஏன் என்று கேட்காதே. உடைந்தது கிடந்தால் என் கை கூட்டும். இருபத்தெட்டு வருசம் அதைத்தான் செய்தது. கண்ணாடியை இரண்டு பையில் கட்டினேன். மிச்ச இரண்டு போத்தலையும் குசினித் தொட்டியில் ஊற்றிவிட்டு அவற்றையும் போட்டேன். கீழே இறங்கினேன். தெருவில் கிங்ஸ்டனைச் சுற்றிச் சனம். உன்னைப் பொலிஸ் நிலத்தில் அமத்தி வைத்திருந்தது. அவர்களைக் கடந்து போய், மூலையில் போத்தல் போடும் பச்சைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சுவரிலிருந்த இரத்தத்தையும் தரையையும் கறை போக்கும் ஜாவெல் விட்டு இரண்டு தரம் தேய்த்தேன். பொலிஸ் ஏறி வரும்போது வீடு பளபளத்தது. ஒழுகியது நான் தரை கழுவிய தண்ணீர் என்றேன். சத்தம் பட்டாசு என்றேன். ஒரு பொய் வாயால் வந்தபின் அடுத்தது தானாக வந்தது. அவர்கள் நீட்டிய தாளில் கோடு கீறிக் கொடுத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் றஜனி ரீச்சரிடம் போனேன்.

இதையே நீதிபதிக்கும் எழுதப் போகிறேன்.

சவிரிமுத்து


22 டிசம்பர் 2024

சவிரிமுத்துவுக்கு,

விளக்குமாற்றை எடுத்தாயாம்.

ஐந்து மாதம். ஐந்து மாதமாக நான் என் காதை நம்பவில்லை. பக்கத்து அறையில் கதவு சாத்தினால், அது உண்மையான சத்தமா என்று காவலனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். குளிசை தந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். நீ கோடு போட்ட தாள் வாங்கி 'ழ' பழகினாய்.

நீ இப்போது என் முன்னால் நின்றால் உன் தலையை இந்தச் சுவரில் வைத்து, எந்த ஜாவெலாலும் போகாதபடி அடிப்பேன். இரண்டு நாளாக நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் பற்கள் உடையும் சத்தம் எப்படி இருக்கும் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அக்காவின் புருசன் என்பதும் நினைவில் இருந்தது. அது தடுக்கவில்லை.

பியர். ஒன்பது வருசம் ஒரு சொட்டுத் தொடாதவன், கீழே பியரை வைத்துக்கொண்டு மேலே படுத்திருந்திருக்கிறேன்.

அவொக்காவிடம் சொல்லிவிட்டேன், கையெழுத்து வைக்க மாட்டேன். குளிசையையும் துப்பிவிட்டேன். ஆனால் இப்போது வேறு ஒன்று வந்து நெஞ்சில் ஏறி இருக்கிறது. விசர் என்று நம்பியிருந்த வரைக்கும் அதை நினைக்கத் தேவை இருக்கவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நீயும் ஒரு நாய்.

முதல் வெட்டு, தோளில் விழுந்தது, யாரென்று தெரியாமல் போட்டது. உன் போத்தல் போட்ட வெட்டு அது. அவன் இடது கையைத் தூக்கி, "லாசர் அண்ணை, நான் கிங்ஸ்டன், நான்" என்றான். எனக்கு அவன் முகம் தெரிந்தது. மாடிப்படியில் என்னைக் குடிகாரன் என்ற அதே வாய். தெரிந்துகொண்டுதான் இரண்டாவதை இறக்கினேன். எலும்பில் கத்தி பட்டது கைக்குத் தெரிந்தது. பிறகு இன்னொன்று போடத்தான் துரத்தினேன்.

இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்? கழுவப் போகிறாயா?

லாசர்


லா சப்பல்
12 ஜனவரி 2025, ஞாயிறு

தம்பி லாசருக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. பல்லைப் பற்றி எழுதியதுகூட நடந்துவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நீதிபதிக்கு ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மொழிபெயர்க்க வந்த பிள்ளை நிரஞ்சனா, சென்னைப் பக்கம். பாதியில் நிறுத்தி, "ஐயா, உங்க கையெழுத்து தெளிவா இருக்கு, படிக்க ஈஸியா இருக்கு" என்றாள். லாசர், நான் என்ன குற்றத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதே மறந்து எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வரக் கூடாத இடத்தில் வந்த சந்தோசம். நீதிபதி என்னைப் பார்த்த பார்வையில் அது அடங்கியது. தடயத்தை அழிப்பது குற்றம் என்று தெரியுமா என்று கேட்டார். அன்றைக்குத் தெரியாது, பொய் சொல்வது பாவம் என்று மட்டும் தெரியும் என்றேன். என் மீதும் வழக்கு வரும் என்றார். வரட்டும்.

அவர் என்னை உடனே நம்பவில்லை. பொலிஸ் திரும்ப வந்து நிலவறையிலிருந்த சாடியை எடுத்தது. பிறகு உன் கட்டில் இருந்த இடத்தில் பலகைகளைக் கழற்றியது. பலகை இடுக்குக்குள் கண்ணாடித் தூள். அடியில் சீனிப் பாகு காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. ஒரு துண்டில் உன் இரத்தமும் இருந்ததாம். என் கைக்கு எட்டாமல் இவ்வளவு மிச்சம் கிடந்திருக்கிறது. இப்போது நாலு வெடியையும் எல்லோரும் நம்புகிறார்கள்.

நீதிபதியிடம் போன அன்று பின்நேரமே கீழே போய்க் கிங்ஸ்டனின் கதவைத் தட்டினேன். நடந்ததைச் சொன்னேன். பச்சைத் தொட்டிக் கதை வரைக்கும் கேட்டான். பிறகு, "கிழவா, நான் ரோட்டிலை கிடக்க, என்ரை ரத்தத்தை மிதிச்சுக்கொண்டு போத்தல் போடப் போனனியோ?" என்றான். ஓம் என்றேன். வலது கையால் வாயில் குத்தினான். நான் விழுந்த பிறகும் விலாவில் இரண்டு உதை. கைகளால் முகத்தை மறைக்கவில்லை நான். முன்பல் இரண்டு போய்விட்டது. இப்போது எனக்கு 'த' எழுத வருகிறது, சொல்லத்தான் வரவில்லை. றஜனி ரீச்சர் படியில் விழுந்தீர்களா என்று கேட்டா. அடி வாங்கினேன் என்றேன். பொலிசுக்குப் போகவில்லை.

அவன் பொபினிக்குத் தமையனுடன் இருக்கப் போகிறான். என் காலடிச் சத்தம் தலைக்கு மேலே கேட்டால் நித்திரை வராதாம்.

நீ எழுதிய இரண்டாவது வெட்டைப் பற்றி. நீதிபதி கடைசியாக, "இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டார். உன் கடிதம் என் சட்டைப்பைக்குள் இருந்தது. என் வீட்டில் நான் செய்தது முழுவதையும் சொல்லிவிட்டேன் என்றேன். கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. என் பொய்யை உன் தலையில் கட்டியது போதும். உன் உண்மையையும் நான் பிடுங்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் அது சொல்லப்படாமல் இருந்தால், போத்தல்தான் எல்லாவற்றையும் செய்தது என்று எழுதி உன்னைச் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். அவொக்காவுக்கு அந்த நம்பிக்கை வந்துவிட்டது. நீ யோசி.

சவிரிமுத்து


2 பெப்ரவரி 2025

அத்தானுக்கு,

நீதிபதியிடம் நானே சொல்லிவிட்டேன். அவொக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தா. வெடிச் சத்தத்தில் பயந்துபோய் வெட்டினவன் என்று இன்னும் ஒரு மாதத்தில் வெளியே எடுத்திருப்பாவாம். முதல் வெட்டு அப்படித்தான், இரண்டாவது அப்படி இல்லை என்றேன். நிரஞ்சனா என்ற பிள்ளைதான் மொழிபெயர்த்தது. அந்த வசனத்தைச் சொல்லமுன் என்னிடம் ஒரு தரம் திருப்பிக் கேட்டது.

அன்றிரவு ஒரு கதவு சாத்தியது. கதவு என்று எனக்குத் தெரிந்தது. திரும்பிப் படுத்தேன்.

உங்களை மன்னிக்கவில்லை. கிங்ஸ்டன் இன்னும் இரண்டு பல்லைச் சேர்த்து உடைத்திருக்கலாம். இனி எழுதினால் வாசிப்பேனோ தெரியாது.

லாசர்


லா சப்பல்
15 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள தம்பி லாசருக்கு,

வாசிப்பேனோ தெரியாது என்று எழுதினாய், அதனால் தீர்ப்பு வரும் வரைக்கும் பொறுத்திருந்தேன். இனிப் பொறுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் உன்னைக் கண்ணாடிக் கூண்டுக்குள் கண்டேன். மெலிந்துவிட்டாய். நீ எழும்பி நின்று, "ரெண்டாவது அவனெண்டு தெரிஞ்சுதான் வெட்டினனான்" என்று தமிழில் சொன்னபோது, மொழிபெயர்ப்பு வரமுன்னமே பின்வரிசையில் இருந்த நம் சனம் மூச்சை இழுத்தது. ஒரு பெண் உன்னைச் சபித்தாள். கிங்ஸ்டனின் தமையன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்ப, இரண்டு பொலிஸ்காரர் அவனைப் பிடித்து இருத்தினார்கள். அதெல்லாம் நீயும் கண்டிருப்பாய். உனக்கு நாலு வருசம் என்று வாசித்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு மூன்று மாதம், உள்ளே போகத் தேவையில்லாத மூன்று மாதம். இனி ஏதும் செய்தால்தான் உள்ளே.

நீ காணாதது ஒன்று உண்டு, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வெளியே நடையில் கிங்ஸ்டன் வாங்கில் இருந்தான். மடங்காத கை மடியில் கிடந்தது. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவனே கூப்பிட்டான். உட்காரச் சொல்லவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"பதினொரு மாசமா எல்லாரும் எனக்குச் சொன்னது, அந்தாள் உன்னைத் தெரிஞ்சு வெட்டேல்லை, முதல்ல அந்தாளுக்கு விசர் எண்டு, பிறகு வெடிக்குப் பயந்தது எண்டு. டொக்டர், பொலிஸ், என்ரை அண்ணன் கூட. நான் அந்தாளின்ரை முகத்தைப் பாத்தனான். தெரிஞ்சுதான் வெட்டினவர். அதைச் சொன்னா, உனக்குத்தான் ரத்தம் போய் மூளை குழம்பிட்டுது எண்டினம். நான் பொய் சொல்லேல்லை எண்டு இண்டைக்குத்தான் ஒரு ஆள் சொன்னது. அதுவும் வெட்டின ஆளே."

அவன் அழவில்லை. அவனுக்கு உன் மேல் இரக்கம் வந்தது என்றும் நினைக்காதே. எழும்பி, என் கால் சப்பாத்தில் துப்பிவிட்டு, தமையனோடு போய்விட்டான். ஆனால் போகும்போது நிமிர்ந்து நடந்தான். ஜனவரியில் என்னை உதைத்தபோதுகூட அவன் முதுகு அப்படி இருக்கவில்லை. உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ வாங்கிய நாலு வருசம் எங்கே போயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டும்.

உன்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. பல்லுக் கட்டியாகிவிட்டது, உடைக்க வேண்டும் என்றால் வந்து உடை.

நீ ஏற்கனவே உள்ளே இருந்த பதினொரு மாதமும் நாலு வருசத்தில் கழியும் என்று அவொக்கா சொன்னா. மிச்சத்தைக் கலண்டரில் எண்ணிப் பார்த்தேன். நூற்றறுபது ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அப்போது எனக்கு எழுபத்தைந்து முடிந்திருக்கும், கை இன்னும் எவ்வளவு திருந்தியிருக்குமோ. ஞாயிற்றுக்கு ஒரு கடிதம் எழுத நேற்று மூன்று கொப்பி வாங்கினேன். நீ திறக்காமல் வைத்தாலும் சரி, கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொள், இவை வெடிக்காது. இது கணக்கில் சேராது, இன்றைக்கு நான் பொறுக்காமல் எழுதியது. முதலாவதை வாற ஞாயிறு பூசை முடிந்து வந்தவுடன் தொடங்குவேன்.

உன் அத்தான்
சவிரிமுத்து